சித்தார் இல்லாத சித்தார் கச்சேரி

கரை கேட்ட பாட்டு – 17

1988 ஓகஸ்ட் 19. லண்டனின் மேற்குப் பகுதியான பிரென்ட்ஃபோர்டில் வாட்டர்மன்ஸ் கலை நிலையம். உள்ளே விம் வெண்டர்ஸின் ‘விங்ஸ் ஒஃப் டிசயர்’ படம் ஓடப்போகிறது. டிக்கெட் வாங்கிவிட்டு முன்கூடத்தில் காத்திருக்கும் சனத்துக்கு ‘சமகால சித்தார் இசை மாலை’ என்று ஒரு நிகழ்ச்சியைப் போட்டிருந்தார்கள். வாசிக்க வந்தவர்கள் ரக்பி என்ற சிறு நகரத்துப் பையன்கள். கையில் கிற்றார். சித்தார் மருந்துக்கும் இல்லை. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விடாமல் மீட்டினார்கள். தாளம் இல்லை, பல்லவி இல்லை, பாட்டுக்கு நடுவே ‘இதோ மாறப்போகிறது’ என்று காதைத் தீட்டவைத்து ஏமாற்றும் இடமும் இல்லை. மண்டபத்துச் சத்தமும் சேர்ந்து அப்படியே பதிவாகி, 1990-இல் ‘ட்ரீம்வெப்பன்’ என்ற அல்பமாக வந்தது. குழுவின் பெயர் ஸ்பேஸ்மென் 3. முன்னணியில் இருந்த பீட்டர் கெம்பரும் ஜேசன் பியர்ஸும் 1965 நவம்பர் 19 என்ற ஒரே நாளில் பிறந்தவர்கள். நாளாவட்டத்தில் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் பகையாகிப் பிரிந்தார்கள் என்பது வேறு கதை.

சென்ற இதழில் 1966-இல் நிறுத்தியிருந்தோம். பீற்றில்ஸ் குழு ‘ரிவோல்வர்’ அல்பத்தின் கடைசிப் பாட்டை ஏறக்குறைய ஒரே சுரக்கோவையில் நிறுத்தி, டேப் வளையங்களைப் பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொண்டே ஓடவிட்டு, லெனனின் குரலை ஓகன் பெட்டியின் சுழலும் ஒலிபெருக்கிக்குள் விட்டு எடுத்த கதை அது. சைக்கடெலிக் இசையின் அந்த முதல் அலை ஐந்தாறு வருடத்தில் ஓய்ந்தது. எழுபதுகளின் நடுவில் சைக்கடெலிக் என்றால் தாடி வளர்த்த மாமாக்களின் சங்கதி என்று லண்டனில் கேலி செய்தார்கள். 1977-இல் பங்க் வந்து மிச்சத்தையும் பெருக்கித் தள்ளியது.

அப்படித் தள்ளப்பட்டதைக் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கியவர்கள்தான் இந்த இதழின் ஆட்கள். நியோ-சைக்கடெலிக் என்று பத்திரிகைக்காரர் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். லிவர்பூலில் எக்கோ அண்ட் தி பனிமென், டியர்ட்ரொப் எக்ஸ்ப்ளோட்ஸ். லொஸ் ஏஞ்சல்ஸில் ட்ரீம் சிண்டிகேட், ரெயின் பரேட், த்ரீ ஓ’குளொக். லொஸ் ஏஞ்சல்ஸ் கூட்டத்துக்குப் பெய்ஸ்லி அண்டர்கிரவுண்ட் என்று பெயர். சட்டையிலும் கிற்றாரிலும் அவர்கள் போட்டுக்கொண்ட அந்தப் பெய்ஸ்லிக் கோலம் வேறொன்றுமில்லை, நம் வீட்டுப் பெண்கள் சேலைக் கரையில் பார்க்கும் மாங்காய் டிசைன்தான். காஷ்மீர்ச் சால்வையில் கப்பலேறி, ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தறிகளில் நகல் எடுக்கப்பட்டு, கடைசியில் கலிபோர்னியாவில் கலகக்காரரின் சீருடையானது.

இவர்களில் யாரும் 1966-இன் இசையை உருவாக்கியவர்களல்ல; அப்போது பிறக்காதவர்கள், அல்லது சிறுபிள்ளைகள். அண்ணனின் அலுமாரியிலும் பழைய தட்டுக் கடையிலும் கிடைத்ததைக் கேட்டு, கேட்டது பாதி, ஊகித்தது பாதியாக இசை செய்தவர்கள். இந்த வகை இசையின் பலமும் பலவீனமும் அந்த இரண்டாம் கேட்டல்தான் என்பது என் கட்சி. எதைக் கேட்கக் கிடைத்தது, எது கிடைக்காமலே போனது என்பதில்தான் இதன் வரலாறு இருக்கிறது. இலங்கையின் கிழக்கிலுள்ள நம் கரை இந்தக் கதைக்குள் வருவதும் அந்த வாசல் வழியாகத்தான்.

பிரென்ட்ஃபோர்டில் வாசித்த பையன்கள் சித்தாரைத் தேடியது வீண் அலைச்சல் என்று இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னால் பிழையில்லை. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் வழியில் தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு. சடங்கை நிறைவுசெய்யும் குளிர்த்திக்கு முன்னான இரவுகளில் உடுக்கின் இடுப்பை இறுக்கித் தளர்த்தி, ஒரே நடையில் காவியம் பாடிக்கொண்டே போவார்கள். மணிக்கணக்கில் ஒரே நடை. அதே சாலையில் வடக்கே போனால் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளி. நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பேரில் கொடியேற்றம் நடக்கும் நாட்களில் சூஃபிப் பக்கீர்களான பாவாமார் வந்து வட்டமாக அமர்வார்கள். றபானை நெருப்புக்கு மேலே காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, தோல் போதிய அளவு இறுகும்வரை திருப்பித் திருப்பிச் சூடுகாட்டுவார்கள். பிறகு ராத்தீப் தொடங்கும். தொடக்கத்தில் நிதானம். ஒரே வாசகம், ஒரே தட்டு. கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கும். வெட்டுக்குத்து என்று சொல்கிறோமே, அந்தக் கட்டத்துக்கு ஒருவர் எழும்பி ஊசியைக் கையில் எடுக்கும்போது, தாளம் எந்த இடத்தில் வேகம் பிடித்தது என்று சுற்றிவர நின்றவர்களுக்குச் சொல்லத் தெரியாது. பார்க்க வந்தவர்கள் ஊசியைப் பார்ப்பார்கள். இசைக்காரன் அந்த முடுக்கைப் பார்க்க வேண்டும்.

பாவாமாரின் ராத்தீப் வணக்கம். பிரென்ட்ஃபோர்ட்டில் நடந்தது கச்சேரி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் வரவில்லை. ஆனால் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்வதால் மனிதனின் நேரக் கணக்கு கழன்றுபோகும் என்ற சூட்சுமத்தை மேற்கில் மருந்து மாத்திரை வழியாகக் கண்டுபிடித்தார்கள். இங்கே அது ஊர் வழமையாகவே இருந்தது. மேற்கிலும் சிலருக்கு இது தெரிந்தே இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் 1968-இல் மொரோக்கோவின் ஜஜூக்கா மலைக்கிராமத்துக்குப் போய், சூஃபி மரபில் வந்த குழல்காரரையும் மேளக்காரரையும் ஒலிப்பதிவு செய்தார். 1969-இல் அவர் இறந்தார். அல்பம் 1971-இல் வெளியானது. கிற்றாரே இல்லாத அந்த அல்பத்தை நியோ-சைக்கடெலிக் கூட்டம் வேதம்போல வைத்துக்கொண்டது.

அந்த ஜோன்ஸின் பெயரையும், 1978-இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் நடந்த கூட்டு மரணத்தையும் ஒட்டவைத்து ஒரு குழு தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது: பிரையன் ஜோன்ஸ்டவுன் மசாக்கர். சான் பிரான்சிஸ்கோ, 1990. தலைவர் அன்டன் நியூகொம்ப். 1996 என்ற ஒரே வருடத்தில் மூன்று அல்பங்களை இறக்கினார். அதிலொன்று, ரோலிங் ஸ்டோன்ஸின் 1967-ஆம் வருட அல்பத்தின் தலைப்பையே எடுத்து ‘இரண்டாம் விண்ணப்பம்’ என்று மாற்றிய ‘தெயர் சட்டானிக் மஜெஸ்டிஸ் செக்கண்ட் ரிக்குவெஸ்ட்’. மேடையில் தன் ஆட்களோடேயே கைகலக்கும் நியூகொம்ப்பை 2004-இல் வந்த ‘டிக்!’ ஆவணப்படத்தில் பார்க்கலாம். படத்தைப் பார்த்தவர்கள் சண்டையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அல்பத்தைக் கேளுங்கள், அங்கே பொறுமை தெரியும்.

அதே 1996-இல்தான் நமக்கு மிக நெருங்கிய பெயர் ஒன்று லண்டன் பட்டியல்களில் ஏறியது. நம் கரையில் அது யுத்த காலம். இந்தச் செய்தி இங்கே யாருக்கும் எட்டியிருக்காது.

கிரிஸ்பியன் மில்ஸ், நடிகை ஹெய்லி மில்ஸின் மகன். இந்தியா போய்வந்தவர், வைணவப் பக்தியில் மூழ்கியவர். ‘தி கேஸ்’ என்று நடத்திவந்த குழுவின் பெயரை 1995-இல் குலா ஷேக்கர் என்று மாற்றினார். சேர நாட்டை ஆண்டு, அரசைத் துறந்து, ஆழ்வார்களில் ஒருவரான குலசேகரரின் பெயர் அது. வேங்கடத்தில் பறவையாக, மீனாக, கடைசியில் கோயில் வாசற்படியாகவாவது கிடந்தால் போதும் என்று கேட்டவர் அவர். வைணவக் கோயில்களில் கருவறை வாசற்படியை இன்றும் குலசேகரன் படி என்றே சொல்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் தமிழில் பாடிய ஒருவர், மின்கிற்றார்க் குழு ஒன்றின் பெயராக மன்செஸ்டர் மேடையில் ஏறினார். பெயர் மாறிய அதே வருடம் அங்கே நடந்த புதுக்குழுக்கள் போட்டியில் பிளசீபோ குழுவோடு முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1996-இல் வந்த முதல் அல்பத்தின் பெயர் ஒற்றை எழுத்து: ‘கே’. அது பிரித்தானியப் பட்டியலில் முதலிடம். அட்டையை வரைந்தவர் ‘வொச்மென்’ சித்திரக்கதையின் டேவ் கிப்பன்ஸ். கே என்ற எழுத்தைச் சாட்டாக வைத்துக் கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், கார்ல் மார்க்ஸ், கிங் கொங் என்று ஒரு சந்தையையே அதில் கூட்டிவைத்தார்.

அந்த அல்பத்தின் ‘கோவிந்தா’ முழுக்கச் சமஸ்கிருதம். அது பிரித்தானியப் பட்டியலில் ஏழாவது இடம்வரை ஏறியது. லண்டன் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை ஊதுபத்தி கொளுத்துகிறான் என்றார்கள். அவர்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியா என்றால் மந்திரமும் மாயையும் மட்டும்தானா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. குழுவுக்குப் பெயர் தந்தவர் தமிழில் பாடினார் என்பதற்கான தடயம் ஒன்றும் அந்த அல்பத்தில் இல்லை. பெயர் வந்தது, மொழி வரவில்லை. 1997-இல் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பற்றி மில்ஸ் யோசிக்காமல் பேசினார். ஐரோப்பாவில் அதற்கு ஹிட்லரின் முகம்தான் இருக்கிறது என்பதை மறந்து பேசிய பேச்சு அது. மன்னிப்புக் கேட்டும் கறை போகவில்லை. 1999-இல் இரண்டாவது அல்பம் ‘பெசன்ட்ஸ், பிக்ஸ் அண்ட் அஸ்ட்ரோநட்ஸ்’ வந்தது. அந்த வருடமே குழு கலைந்தது.

ஆனாலும் ஏறக்குறைய மூன்று பத்தாண்டு கழித்து ‘கே’-யைக் கேட்கும்போது அலொன்சா பெவனின் பாஸ் கிற்றாரும் ஜே டார்லிங்டனின் ஓகனும் அந்த மந்திரத்தை விடப் பக்தியாக இருக்கின்றன. ‘கோவிந்தா’-வில் குரலை மறந்துவிட்டு பாஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். குழு பிற்பாடு மீண்டும் கூடியது. 2007-இல் ‘ஸ்ட்ரேஞ்ச்ஃபோக்’, 2016-இல் ‘கே 2.0’, 2024-இல் ‘நெச்சுரல் மெஜிக்’. இப்போது அவர்களைக் கேலி செய்யவும் ஆளில்லை என்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்யும்.

2000-க்குப் பிறகு இந்தக் கதையின் போக்கு மாறுகிறது. அதுவரை கிழக்கு என்றால் சித்தாரும் ஊதுபத்தியும். அதன் பிறகு வந்த குழுக்கள் கிழக்கின் கோயிலை விட்டுவிட்டு, கிழக்கின் பழைய பொப் பாட்டைத் தேடின. அறுபது எழுபதுகளில் பாங்கொக்கிலும் இஸ்தான்புல்லிலும் புனோம் பென்னிலும் இளைஞர்கள் மின்கிற்றாரை வாங்கி, பீற்றில்ஸையும் தம் ஊர்ச் சந்தத்தையும் கலந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவையெல்லாம் கசெட்டிலும் சிறுதட்டிலும் உறங்கிக் கிடந்தன.

கம்போடியாவின் கதையைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. சின் சிசாமுத், ரோஸ் செரேய் சோத்தியா போன்ற பாடகர்கள் கோலோச்சிய காலம், 1975-இல் கெமர் ரூஜ் ஆட்சியோடு முடிந்தது. பாடியவர்களில் பெரும்பாலோர் உயிர்தப்பவில்லை. 1994-இல் சியெம் ரியெப்புக்குச் சுற்றுலா போன அமெரிக்கர் ஒருவர் அங்கே விற்ற கசெட்டுகளை வாங்கி வந்தார். அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த பாட்டுகள் 1996-இல் ‘கம்போடியன் ரொக்ஸ்’ என்று வெளியாகின. அதில் பாடகர் பெயர் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. இந்தப் பாட்டுகளில் கிறங்கிப்போன ஹோல்ட்ஸ்மன் சகோதரர்கள் லொஸ் ஏஞ்சல்ஸில் டெங்கு ஃபீவர் என்று ஒரு குழுவைத் தொடங்கி, கெமர் மொழியில் பாட ச்சோம் நிமோல் என்ற பாடகியைக் கண்டுபிடித்தார்கள். முதல் அல்பம் 2003-இல். டெங்கு என்ற பெயரைக் குழுவுக்கு வைப்பது நம் ஊரில் நடக்காது. மழைக்காலம் வந்தாலே ஊரைச் சுற்றிப் புகையடிக்கிறவர்கள் நாம்.

டெக்சஸின் க்ருவாங்பின் குழுவின் கதையும் இதே தடத்தில்தான். அவர்கள் காதுக்கு எட்டியது பழைய தாய்லாந்துப் பாட்டு. கிற்றார்காரர் மார்க் ஸ்பியரும் மேளக்காரர் டொனல்ட் ஜோன்சனும் தேவாலயக் குழு ஒன்றில் வாசித்துப் பழகியவர்கள். அவர்களோடு பாஸ் கிற்றாரில் லோரா லீ. 2015-இல் வந்த முதல் அல்பம் ‘தி யூனிவர்ஸ் ஸ்மைல்ஸ் அபொன் யூ’. தாய்லாந்துக்காரர் வேடம் போடாமல், அந்த வாசிப்பின் சுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் அல்துன் கூன், துருக்கியின் எழுபதுகளுக்குப் போனது. 2019-இன் ‘கெஜே’ கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. சுவீடனின் கோட் குழுவோ முகமூடி போட்டுக்கொண்டு, தங்கள் கிராமத்தில் பரம்பரை பரம்பரையாக மாந்திரீகம் இருந்ததாக ஒரு கதை கட்டியது. அது கட்டுக்கதை என்றே பலர் நினைக்கிறார்கள். 2012-இன் ‘வேர்ல்ட் மியூசிக்’ நல்ல அல்பம். ஆனால் பாரம்பரியம் கையில் இல்லாதவன் அதை இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது, கையில் உள்ளவன் அதைப் பதிவு செய்யாமல் விடுகிறான் என்பதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 1966-இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு தொடங்கி, சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றார் புகுந்தது. ஜெரல்ட் விக்ரமசூரியவின் சூரிய நிறுவனம் அந்தக் குழுக்களைத் தட்டில் ஏற்றியது. தமிழில் அதே காலத்தில் நடந்தது நம் மாவட்டத்திலேயே நடந்தது. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்த உரும்பிராய்க்காரர் நித்தி கனகரத்தினம் கிற்றாரும் கையுமாகப் பாடத்தொடங்கினார். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இரண்டும் ஊர் ஊராகப் பரவின. மணமேடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதைப் பாடாத தலைமுறை இல்லை. பைலாத் தாளம், யாழ்ப்பாணத்து நக்கல், மூன்றே மூன்று சுரக்கோவை. இன்றைக்குத் தாய்லாந்துக் கசெட்டைக் கேட்டு உருகுகிறவர்கள் இதையும் கேட்டால் உருகியே தீருவார்கள். திருகோணமலையில் பரமேஷ்–கோணேஷ் சகோதரர்கள். கொழும்பில் ஏ.ஈ. மனோகரன், அவருடைய ‘சுராங்கனி’யை 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜாவே எடுத்தாண்டார். வானொலியில் எஸ்.கே. பரராஜசிங்கம் ஈழத்து மெல்லிசைக்கு இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவர்களை சைக்கடெலிக் என்று நான் சொல்லவில்லை. நித்தியின் பாட்டில் மயக்கம் இல்லை, கள்ளைக் குடிக்காதே என்ற புத்திமதிதான் இருக்கிறது. ஆனால் பாங்கொக்கின் பாடகர்களும் தாங்கள் சைக்கடெலிக் என்று நினைத்துப் பாடவில்லை. ஐம்பது வருடம் கழித்து டெக்சஸில் ஒருவன் கேட்டபோதுதான் அந்தப் பெயர் ஒட்டியது.

கேட்க ஆட்கள் இங்கே வராமலும் இல்லை. எழுபதுகளில் அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்காரரும் ஹிப்பிகளும் வந்துகொண்டிருந்தார்கள். அலை பார்க்க வந்தவர்கள் அவர்கள். பொத்துவில் கடைத்தெருவில் என்ன கசெட் ஓடுகிறது என்பது அவர்கள் காதில் விழுந்திருக்கலாம்; தட்டாகத் திரும்பி வரவில்லை. பிரான்சின் அகுஃபோன் நிறுவனம் இலங்கையின் பழைய சிங்கள, தமிழ் பொப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது ஒரு நல்ல காரியம். ஆனால் மறுபதிப்புக்கு மூலத்தட்டு வேண்டும். தட்டு போட்டவர்கள் கொழும்புக்குப் போக வசதி இருந்தவர்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ரெக்கோடிங் பார்களில் வெற்றுக் கசெட்டைக் கொடுத்து, பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை வீட்டோடு இருந்தன. கொடியேற்றத்து ராத்தீப்பையும் வைகாசிச் சடங்கையும் யாராவது டேப்பில் பிடித்திருந்தால் அதுவும் அப்படி வீட்டோடுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோரத்து வீடுகள் போனபோது அவற்றிலிருந்த கசெட் பெட்டிகளும் போயின.

நித்தி கனகரத்தினம் பின்னாளில் மெல்பேர்னில் குடியேறினார். அதே நகரத்தில் 2010-இல் கிங் கிஸ்ஸர்ட் அண்ட் தி லிசர்ட் விஸர்ட் என்ற வாயில் நுழையாத பெயரோடு ஒரு குழு தொடங்கியது. 2017-இல் அவர்கள் ஒரே வருடத்தில் ஐந்து அல்பங்களை வெளியிட்டார்கள். முதலாவது ‘ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா’. தலைவர் ஸ்டு மெக்கன்சிக்காக ஸாக் எக்கிள்ஸ் என்ற கைவினைஞர் மஞ்சள் நிறத்தில் ஒரு கிற்றார் செய்து கொடுத்தார். வழக்கமான கட்டைகளுக்கு நடுவே கூடுதல் கட்டைகள். கிற்றாரில் சாதாரணமாக இல்லாத இடைச்சுரம் அதில் பிடிக்கும். துருக்கியின் பக்லமா வாத்தியத்திலிருந்து வந்த யோசனை அது. கமகத்தில் ஊறிய காதுக்கு இந்த இடைச்சுரம் பெரிய அதிசயமில்லை. ஆனால் மின்கிற்றாரின் முரட்டுச் சத்தத்தோடு அது சேரும்போது, ‘ராட்டில்ஸ்னேக்’ பாட்டில் நடப்பதுபோல, காலுக்கு அடியில் தரை கொஞ்சம் நகர்கிறது.

அந்த ஐந்தில் நான்காவது ‘பொலிகொண்ட்வானாலேண்ட்’. இலங்கையும் அவுஸ்திரேலியாவும் ஒட்டிக் கிடந்த பழைய பெருங்கண்டத்தின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது. 2017 நவம்பர் 17-இல் அதை இணையத்தில் இலவசமாக விட்டார்கள். மூலப்பதிவையே கொடுத்து, வேண்டியவர் வேண்டியபடி தட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், விற்றும் கொள்ளுங்கள் என்றார்கள். உலகெங்கும் சிறு சிறு நிறுவனங்கள் தத்தம் அட்டையோடு போட்டுத் தள்ளின. ஒரே அல்பத்துக்கு எத்தனை அட்டை என்று எண்ணிச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் உருவாகிவிட்டது.

கல்முனைக்குடிக் கொடியேற்றத்தில் இப்போது ஆளுக்கொரு கைத்தொலைபேசி. ராத்தீப் தொடங்கினால் எல்லாம் உயர்கின்றன. எடுத்தவற்றில் அநேகம் ஊசி குத்தும் அரை நிமிடம் மட்டும். றபான் முடுக்கும் முழு நீளத்தை எடுப்பவர் அருமை. எடுத்து வைத்திருப்பவர்கள் தொலைபேசியை மாற்றுமுன் ஒரு பிரதி எடுத்து வைக்கவும்.

அடுத்த இதழில் திருகோணமலைக்குப் போவோம். பரமேஷ்–கோணேஷின் சிறுதட்டு அங்கே காத்திருக்கிறது.

(தொடரும்)